உவர்மலை ரீச்சரின் ஒலிக்கருவிகள்: திருகோணமலையில் ஒரு விற்பனை, தொடக்கம் முதல் முடிவு வரை

பின்னணி

திருகோணமலை உவர்மலையில் தனியாக இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், காலமான கணவரின் ஒலிக்கருவிகளை 2024 நடுப்பகுதியில் விற்க முடிவெடுத்தார். ஊரில் எல்லோரும் அவரை ரீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். கணவர் வணிகக் கப்பலில் இயந்திரப் பொறியியலாளராக வேலை பார்த்தவர். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் ஜப்பான், சிங்கப்பூர் துறைமுகங்களில் இறங்கியபோதெல்லாம் காசு சேர்த்து ஒவ்வொன்றாக வாங்கி வந்த சாமான்கள் அவை: சன்சுயி ஏயு-717 அம்ப்ளிஃபையர், டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 இசைத்தட்டுச் சுழலி, ஒரு கசெட் டெக், ஒரு சோடி பெரிய ஸ்பீக்கர். மகள் கனடாவில் இருக்கிறார். அம்மாவுக்கு விசா சரிவந்ததும் வீட்டை வாடகைக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. சாமான்களைப் பூட்டி வைத்துவிட்டுப் போக ரீச்சருக்கு மனமில்லை. பாவிக்கிற ஒருவரிடம் போய்ச் சேரவேண்டும் என்றார்.

மத்திய வீதிக்குக் கிட்ட ரேடியோ, அம்ப்ளிஃபையர் திருத்தும் சிறிய கடை ஒன்று எனக்கு இருக்கிறது. ரீச்சரின் கணவர் இருந்த காலத்திலேயே அந்தச் சன்சுயியை அவ்வப்போது திறந்து துடைத்துக் கொடுத்திருக்கிறேன். இங்கத்தைய கடற்காற்றில் உள்ள உப்பு எந்த வொலியூம் குமிழையும் சில வருடத்தில் கரகரக்க வைத்துவிடும். அந்தப் பழக்கத்தில்தான் ரீச்சர் என்னிடம் வந்தார். அவருடைய அண்ணன் மகன், நகரப் பாடசாலை ஒன்றில் படிப்பிப்பவர், விளம்பர வேலையைப் பார்த்துக்கொண்டார். இரண்டு பேரின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டிருக்கிறேன்.

ஒலிக்கருவி விற்பதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. சைக்கிளை வீதியில் ஓட்டிப் பார்த்து வாங்கலாம். கைத்தொலைபேசியைத் தேத்தண்ணிக் கடையில் வைத்துத் தட்டிப் பார்க்கலாம். அம்ப்ளிஃபையரை அப்படி வாங்க முடியாது. மின்சாரம் வேண்டும், ஸ்பீக்கர் வேண்டும், பாட்டுக் கொடுக்க இன்னொரு கருவி வேண்டும். கொஞ்ச நேரம் சூடாக விட்டு இரண்டு பக்கமும் சரியாக வருகிறதா என்று கேட்கவும் வேண்டும். கேட்காமல் வாங்குபவர் ஒன்றில் விவரம் தெரியாதவர், அல்லது வாங்க வராதவர். அதனால் விற்பவர்கள் வேறு வழி யோசிக்காமல் வீட்டுக்கே வரச்சொல்லிவிடுகிறார்கள். முன்பின் தெரியாத ஆளை வரவேற்பறையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, பக்கத்து அறையில் என்ன இருக்கிறது, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் காட்டிவிடுகிறார்கள். இந்த விற்பனையில் நாங்கள் எடுத்த முடிவுகள் பெரும்பாலும் இதைச் சுற்றித்தான் இருந்தன.

விளம்பரத்துக்கு முந்திய வேலை

அண்ணன் மகன் முதலில் எழுதிய விளம்பரத்தை எனக்குக் காட்டினார். ‘கணவர் காலமானதால், வெளிநாடு செல்லவிருப்பதால் அவசர விற்பனை’ என்று தொடங்கியது. எழுதியது முழுக்க உண்மை. ஆனால் அந்த ஒரு வரியிலேயே வீட்டில் ஆண் இல்லை, வீடு சீக்கிரம் காலியாகும், விலையை இறக்கிக் கேட்கலாம் என்ற மூன்று செய்தியும் வெளியே போகிறது. வரியை எடுத்துவிட்டோம். படங்களில் சிக்கல் இன்னும் கூட. ஸ்பீக்கருக்குப் பின்னால் ஜன்னல் கம்பியும் கேற்றும் தெரிந்தன. ஒரு படத்தில் மதிலுக்கு மேலால் கோயில் கோபுரம் எட்டிப் பார்த்தது. உவர்மலையில் நடந்து திரிகிற யாருக்கும் அது எந்த ஒழுங்கை என்று சொல்லத் தெரியும். வெள்ளை வேட்டி ஒன்றைச் சுவரில் கட்டித் தொங்கவிட்டு, அதற்கு முன்னால் சாமான்களை வைத்துத் திரும்பப் படம் எடுத்தோம். தொலைபேசிக் கமராவில் இடப்பதிவையும் நிறுத்திவிட்டே எடுத்தோம்.

அடுத்த வேலை கருவிகளை அடையாளப்படுத்துவது. பின்புறத்திலுள்ள தொடர் இலக்கங்களை எழுதி, படமும் எடுத்து வைத்தேன். அடிப்பக்கத் தட்டைப் பூட்டியிருக்கும் திருகாணிகளில் இரண்டின் மேல் ரீச்சரின் பேத்தி விட்டுப்போன சிவப்புக் கியூட்டெக்ஸில் (நகப்பூச்சு) ஒவ்வொரு துளி, திருகாணித் தலையிலும் தட்டிலும் சேர்ந்து படிகிற மாதிரி வைத்தேன். காய்ந்த பிறகு யாராவது திருகாணியைக் கழற்றினால் அந்தத் துளி வெடித்துவிடும். திரும்பப் பூட்டினாலும் முன்போலப் பொருந்தாது. விற்ற சாமானைத் திறந்து உள்ளே நல்ல பாகத்தைக் கழற்றிக்கொண்டு, ‘வேலை செய்யேல்லை, காசைத் தாங்க’ என்று திரும்பி வருகிற கதைகள் எங்கள் தொழிலில் புதிதில்லை. ஒவ்வொரு கருவியும் பாடுவதைத் தொடர் இலக்கம் தெரியக்கூடியதாக ஒரே ஓட்டத்தில் காணொளியாகவும் எடுத்தோம்.

மின்னழுத்தத்தையும் இங்கேயே சொல்லவேண்டும். சிங்கப்பூரில் வாங்கிய சன்சுயிக்குப் பின்னால் வோல்ட் மாற்றும் வசதி உண்டு, நம்மூர் 230 வோல்ட்டில் நேரே பாவிக்கலாம். சுழலி ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக்கு வந்தது. அதற்கு 100 வோல்ட்தான். கணவர் 230 வோல்ட்டை 100 ஆக இறக்கித் தரும் ஒரு ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் வைத்துத்தான் ஓட்டினார். அதைச் சுழலியோடு சேர்த்தே விற்பது, மின்வயரின் முனையில் மஞ்சள் அட்டை ஒன்றைக் கட்டி ‘100 வோல்ட் மட்டும்’ என்று எழுதுவது என முடிவானது. பழைய ஜப்பான் சாமான் வைத்திருப்பவர்கள் விற்க முன் பின்பக்கத் தகட்டைக் கட்டாயம் வாசியுங்கள். விற்ற பிறகு வருகிற சண்டையில் பாதி அங்கேதான் கிடக்கிறது.

முதல் அழைப்புகள்

விளம்பரம் இணையத்தில் போன அன்றிரவே ஒருவர் எழுதினார். கொழும்பில் அரச உத்தியோகத்தர் என்றார். நான்கு சாமானையும் சொன்ன விலைக்கே எடுப்பதாகவும், கூரியர் ஆள் காசோடு வந்து ஏற்றிக்கொள்வார் என்றும் எழுதினார். ஊசி எப்படி, எத்தனை வோல்ட், ஸ்பீக்கரின் ஓரப் பஞ்சு மாற்றியதா என்று ஒரு கேள்வி இல்லை. அண்ணன் மகனை நான் கேட்டது அதைத்தான்: ‘இவ்வளவு காசு குடுக்கிற ஆள் சாமானைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லையே தம்பி?’ அடுத்த நாள் ஓர் இணைப்பு வந்தது. அதை அழுத்தி வங்கி அட்டை இலக்கத்தைப் போட்டால் கூரியர் நிறுவனம் காசைக் கணக்கில் போடுமாம். பிறகு தொலைபேசிக்கு வருகிற ஓடிபி இலக்கத்தைச் சொல்லவேண்டுமாம். காசு வாங்குபவருக்குக் கணக்கு இலக்கமும் பெயரும் வங்கிக் கிளையும் போதும். அட்டை இலக்கமும் ஓடிபியும் காசு எடுப்பதற்கு. பதில் எழுதாமல் அந்த இலக்கத்தை முடக்கினோம்.

உண்மையாக வாங்க நினைத்தவர்களின் அழைப்பு வேறு மாதிரி இருந்தது. ஒருவர் சுழலியின் விளிம்புப் புள்ளிகள் வெளிச்சத்தில் அசையாமல் நிற்கின்றனவா என்று கேட்டார். அவை நின்றால்தான் வேகம் சரி. இன்னொருவர் சன்சுயியை அணைத்து மூடும்போது ஸ்பீக்கரில் ‘டப்’ என்று சத்தம் வருமா என்று கேட்டார். இப்படிக் கேட்பவர்களோடு கதைக்கவே சந்தோசமாக இருக்கும்.

நடுவில் ஒரு வகை உண்டு. சாமானைப் பற்றியும் கொஞ்சம் கேட்பார்கள், வீட்டைப் பற்றியும் கேட்பார்கள். எத்தனை மணிக்கு வீட்டில் ஆள் இருக்கும், நாய் இருக்கா, வேறு பழைய சாமான் ஏதும் இருக்கா, நகை வைக்கிற அலுமாரி மாதிரிப் பழைய தளபாடம் விற்கிற எண்ணம் உண்டா. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் தப்பான கேள்வியில்லை. சேர்த்துப் பார்த்தால் கதை வேறு. அவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: ‘சாமான் டவுனில ஒரு கடையில இருக்கு, அங்கதான் காட்டுவம்.’ அதோடு பெரும்பாலானவர்கள் நின்றுவிட்டார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் கேற்றடியில்

அந்த வாரத்திலேயே ஒருநாள், விளக்கு வைக்கிற நேரம், மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் ரீச்சர் வீட்டுக் கேற்றடிக்கு வந்து நின்றார்கள். ‘அம்மா, செற் பார்க்க வந்தனாங்கள்’ என்றார்கள். விளம்பரத்தில் முகவரி இல்லை. படத்திலும் எதுவும் இல்லை. ரீச்சர் கதவைத் திறக்கவில்லை. ஜன்னலால் நின்று, ‘இஞ்ச ஒண்டும் இல்லை தம்பி, நாளைக்குக் கடைக்குப் போன் பண்ணிப் போட்டு வாங்கோ’ என்று சொல்லிவிட்டு, அவர்கள் பார்க்கத்தக்கதாகவே தொலைபேசியைக் காதில் வைத்து அண்ணன் மகனை அழைத்தார். முன்வீட்டு ஐயாவையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அவர் லைட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். வந்தவர்கள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் உண்மையாகவே வாங்க வந்தவர்களா, வேறு நோக்கமா என்று இன்றைக்கும் சொல்ல முடியாது. சொல்லத் தேவையும் இல்லை. தனியாக இருக்கிற பெண் இருட்டில் கேற்றைத் திறக்காதது சரியான முடிவு. வந்தவர் நல்லவராக இருந்தால் அடுத்த நாள் கடைக்கு வந்திருப்பார்.

வீடு எப்படித் தெரிந்தது? விளம்பரத்தில் கொடுத்தது ரீச்சரின் சொந்த இலக்கம். சில வருடத்துக்கு முன் அவர் பிள்ளைகளுக்குப் பின்னேர வகுப்பு எடுத்தபோது அடித்த அறிவித்தல் ஒன்றில் அதே இலக்கம், வீட்டு முகவரியோடு இருந்தது. அந்த அறிவித்தலின் படம் இன்னும் இணையத்தில் கிடந்தது. இலக்கத்தைத் தேடுபொறியில் போட்டவுடன் வீடு வந்துவிட்டது. அடுத்த நாளே புது சிம் ஒன்று எடுத்து, விளம்பரத்தில் இலக்கத்தை மாற்றி, அந்தத் தொலைபேசியை என் கடையில் வைத்தோம். பழைய அறிவித்தலைப் போட்டவரைப் பிடித்து அழிப்பித்தோம். விற்பனை முடியும்வரை ரீச்சர் இரவில் அண்ணன் வீட்டில் படுத்தார்.

இடம் தெரிவு செய்த விதம்

சாமானை எங்கே வைத்துக் காட்டுவது என்பதை நாங்கள் நிதானமாகவே யோசித்தோம். பொலிஸ் நிலையத்துக்கு முன்னால் சந்தித்தால் பாதுகாப்பு, ஆனால் அங்கே செருகி (பிளக்) இல்லை. கோயில் மண்டபத்தில் மின்சாரம் உண்டு, ஆனால் ஆடி மாதத் திருவிழாக் காலத்தில் யாரையும் கேட்க முடியாது. அதோடு நாலு பேர் வந்துபோகிற இடத்தில் ஊர் முழுக்கக் கதை பரவும். உறவினர் வீடு என்றால் ஆபத்தை ஓர் ஒழுங்கையிலிருந்து இன்னோர் ஒழுங்கைக்கு மாற்றுவதுதான்.

கடைசியில் என் கடையிலேயே காட்டுவதாக முடிவு செய்தோம். மேசையில் ஸ்பீக்கர் இருக்கிறது, ஸ்டெப்-டவுன் இருக்கிறது, எதிரே தேத்தண்ணிக் கடை, இரண்டு பக்கமும் ஆட்கள் உள்ள கடைகள், நடக்கிற தூரத்தில் வங்கியும் காசு வைப்பு இயந்திரமும். கடையில் மற்றவர்களுடைய சாமானும் திருத்தக் கிடக்கிறது, அதற்கும் நான் பொறுப்பு. அதனால் சோதிக்கும் மேசையைக் கடை வாசலுக்கே இழுத்துப் போட்டு, உள்ளறையைப் பூட்டினேன். ஒரு நேரத்தில் ஒரு கருவி மட்டும் மேசையில். மற்றவை வேறிடத்தில் இருந்தன. காலை பத்து மணியிலிருந்து மதியம் வரை. நானும் அண்ணன் மகனும் இரண்டு பேரும் இருந்தால் மட்டுமே காட்டுவது. ரீச்சர் வரத் தேவையில்லை என்றோம், ஆனால் சன்சுயி போகிற அன்றைக்கு அவர் வரவே விரும்பினார். அதை மறுக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

வான் வந்த நாள்

சன்சுயிக்கு ரூபா 190,000 கேட்டிருந்தோம். வெளியூரிலிருந்து மூன்று பேர் வருவதாகச் சொன்னார்கள். நேரம் வெள்ளிக்கிழமை காலை பத்தரை. காலையில் ‘டயர் காற்றுப் போயிட்டுது’ என்றார்கள், மதியம் ‘வந்துகொண்டிருக்கிறம்’ என்றார்கள். வந்தபோது வங்கிக் கவுண்டர்கள் மூடி நெடுநேரம் ஆகிவிட்டது. பின்னேரம் திருப்பியனுப்பியிருக்கலாம், நீண்ட தூரம் வந்தவர்கள் என்ற எண்ணத்தில் ரீச்சர் ‘காட்டுங்கோ தம்பி’ என்றார்.

மூவரில் ஒருவருக்கு விசயம் தெரியும். மூடியைத் தடவிப் பார்த்தார், குமிழ்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கேட்டார், நல்ல கேள்வி கேட்டார். இதை அழுத்திச் சொல்கிறேன். விசயம் தெரிந்த ஆள் என்பதால் காசு விசயத்திலும் சரியாக இருப்பார் என்று மனம் தானாக நினைத்துவிடுகிறது. எனக்கே அவரோடு கதைக்கப் பிடித்திருந்தது.

விலை பேசி முடிந்ததும் மற்றவர் தொலைபேசியை எடுத்தார். ‘உங்கட கணக்குக்கு இப்பவே போடுறன்’ என்றார். கொஞ்ச நேரத்தில் பச்சைச் சரி அடையாளத்தோடு, தொகையும் கணக்கின் கடைசி இலக்கங்களும் உள்ள திரையைக் காட்டி, அதன் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினார். கிட்டத்தட்ட அதே நேரம் ரீச்சரின் தொலைபேசிக்கு, ரூபா 190,000 வரவு என்று வங்கி எழுதுவது போலவே ஒரு குறுஞ்செய்தி வந்தது. மூன்றாமவர் இதற்குள் வானின் பின்கதவைத் திறந்துவிட்டு, அம்ப்ளிஃபையரின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். ‘தம்பி ஒரு கை குடுங்கோ’ என்று என்னைக் கேட்டார். அந்தச் சாமானைத் தனியாளாகத் தூக்குவது கடினம். கேட்கிறவருக்குக் கை கொடுப்பது நமக்கு இயல்பாக வந்துவிடுகிறது.

நான் மேசையை விட்டு அசையவில்லை. அண்ணன் மகன் ரீச்சரின் தொலைபேசியில் வங்கிச் செயலியைத் திறந்து மீதியைப் பார்த்தார். மாறவில்லை. குறுஞ்செய்தியைப் பார்த்தோம். வங்கியின் வழக்கமான செய்திகள் வங்கிப் பெயருக்குக் கீழே ஒரே தொடராக வரும். இது ஒரு சாதாரண கைத்தொலைபேசி இலக்கத்திலிருந்து தனியாக வந்திருந்தது. அனுப்புபவர் பெயரையும் போலியாகக் காட்டலாம் என்பதால் அதையும் முழுச் சான்றாக எடுக்கக் கூடாது. அவர் அனுப்பிய திரையின் படத்தில் பெறுபவர் பெயராக இருந்தது, வங்கியில் உள்ள பெயரல்ல, வட்ஸ்அப்பில் இருந்த பெயர். அதுவும் தனியே எதையும் நிரூபிக்காது, பெறுபவர் பெயரை அனுப்புபவரே தட்டச்சு செய்யலாம். நாங்கள் சான்றாக எடுத்தது ஒன்றை மட்டும்: கணக்கின் மீதி கூடியதா இல்லையா.

‘வேற வங்கி எண்டபடியா திங்கக்கிழமைதான் விழும்’ என்றார் அனுப்பியவர். இலங்கையில் 2015 இலிருந்து செஃப்ட்ஸ் என்ற உடனடிப் பரிமாற்றம் இருக்கிறது. வங்கி வேறாக இருந்தாலும், சனி ஞாயிறு என்றாலும், பொதுவாகக் கொஞ்ச நேரத்திலேயே காசு விழுந்துவிடும். தொகுதியாகச் செல்லும் பழைய முறையில் அனுப்பினால் தாமதம் வரலாம். பின்னொரு திகதிக்குப் பதிந்துவிட்டுப் பிறகு ரத்துச் செய்யவும் சில செயலிகளில் முடியும். எதுவாக இருந்தாலும் அந்த நேரத்தில் ரீச்சரின் கையில் காசு இல்லை.

அண்ணன் மகன் சொன்னதை அப்படியே தருகிறேன், சொன்ன விதம் முக்கியம்: ‘சரி அண்ணா, பிரச்சினையில்லை. காசு கணக்கில விழுந்தோடன நீங்கள் ஏத்தலாம். நாங்கள் கடையைப் பூட்டாமல் இருக்கிறம். இல்லாட்டி பக்கத்தில மெசின் இருக்கு, காசா எண்டாலும் போடலாம்.’ ‘ஏமாற்றுகிறீர்கள்’ என்று ஒருவரும் சொல்லவில்லை. அவர்கள் குரல் உயர்ந்தது. ‘எங்களில நம்பிக்கை இல்லையோ, இருட்டுது, தூரம் போகோணும்’ என்றார்கள். ரீச்சரைப் பார்த்து ‘அம்மா, நீங்களாவது சொல்லுங்கோ’ என்றார் அம்ப்ளிஃபையர் தெரிந்தவர். ரீச்சர், ‘பிள்ளையள் சொல்லுற மாதிரித்தான்’ என்றார். கடைசியில் ஏடிஎம்மில் காசு எடுத்து வருவதாகச் சொல்லிப் போனார்கள். திரும்பி வரவில்லை. அந்த இலக்கம் அன்றிரவே நின்றுவிட்டது.

அவர்களை மறிக்கவோ, வானின் திறப்பைப் பறிக்கவோ நாங்கள் முயலவில்லை. மூன்று ஆண்கள், வயதான ஒரு பெண், அந்தி நேரம். அவர்கள் முகம் கெடாமல் போகக்கூடிய வழியொன்றைத் திறந்துவைத்ததுதான் எல்லோருக்கும் பாதுகாப்பாக இருந்தது. எதிர்க்கடை ஐயா அதற்குள் வான் இலக்கத்தைத் தேத்தண்ணிச் சிட்டையின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். அடுத்த நாள் அதோடு, அந்தத் திரையின் படத்தையும் குறுஞ்செய்தியையும் கொண்டுபோய்ப் பொலிஸில் முறைப்பாடு பதிந்தோம். இழப்பு இல்லாததால் பதியத் தேவையில்லை என்று ரீச்சர் முதலில் நினைத்தார். அதே வான் இன்னொருவரிடம் போகும் என்று நான் சொன்னதும் சம்மதித்தார்.

அது வெறும் ஊகமாக இருக்கவில்லை. இந்தக் கதை கடைத்தெருவில் பரவியதும், இசைக்குழு ஒன்றில் கீபோட் வாசிக்கிற பையன் ஒருவன் என்னிடம் வந்தான். அவனுடைய மிக்சர் (பாட்டு, வாத்தியச் சத்தங்களைக் கலக்கும் கருவி) இதே விதமாக, பச்சைச் சரி அடையாளம் உள்ள திரையைக் காட்டி, வெள்ளிக்கிழமை பின்னேரம் எடுக்கப்பட்டிருந்தது. குழுவின் மற்றப் பிள்ளைகள் சேர்த்துக் கொடுத்த காசில் வாங்கிய மிக்சர். வெட்கத்தில் வீட்டிலும் சொல்லவில்லை, பொலிஸுக்கும் போகவில்லை. அவன் கண்ணைப் பார்த்துக் கதைக்கவே இல்லை. ஏமாற்றியவன் தொழிலாகச் செய்கிறான், பிள்ளை ஒரு தடவைதான் விற்கிறான். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? அவனையும் கூட்டிக்கொண்டு போய் முறைப்பாடு கொடுப்பித்தோம். இதை எழுத உட்கார்ந்ததே அந்தப் பிள்ளைக்காகத்தான்.

விற்பனை நடந்த விதம்

சன்சுயியை எடுத்தவர் கிண்ணியாவில் சவுண்ட் சேர்விஸ் வைத்திருக்கும் ஓர் இளைஞர். வெளிக்கிட முன்னமே காசு எப்படிக் கொடுக்கவேண்டும் என்று எழுதி அனுப்பியிருந்தோம். கேட்டுப் பார்த்துச் சம்மதமானதும், நால்வரும் நடந்து ரீச்சரின் வங்கிக் கிளைக்குப் போனோம். அவர் கொண்டுவந்த காசைக் கவுண்டரில் அவரே ரீச்சரின் கணக்கில் கட்டினார். இதில் இரண்டு நன்மை. ஐயாயிரம் ரூபாத் தாள்கள் நல்லவையா என்பதை வங்கியே பார்த்துவிடுகிறது. நாமாகப் பார்ப்பதென்றால் மை தடிப்பாக விரலில் தட்டுப்படுகிறதா, வெளிச்சத்தில் நீர்க்குறி தெரிகிறதா, சரித்தால் பாதுகாப்பு நூல் நிறம் மாறுகிறதா என்று ஒவ்வொரு தாளாகப் பார்க்கவேண்டும். இரண்டாவது, ரீச்சர் கைப்பையில் இரண்டு இலட்சம் வைத்துக்கொண்டு உவர்மலைக்கு ஓட்டோவில் போகத் தேவையில்லை. சாமானை விற்கும்வரை பயப்படுகிறவர்கள், விற்ற காசோடு வீடு போவதைப் பற்றி யோசிப்பதில்லை. வங்கிச் சிட்டை வந்த பிறகு கடைக்கு வந்து, அவரும் நானுமாகச் சாமானைத் தூக்கி அவருடைய பட்டா லொறியில் ஏற்றினோம்.

சிட்டையும் எழுதினோம். கருவியின் பெயர், தொடர் இலக்கம், விலை, திகதி, இருவரின் கையொப்பம், அடையாள அட்டை இலக்கத்தைப் பார்த்து எழுதியது. அடையாள அட்டையைப் படம் எடுக்கவில்லை. அது வாங்குபவருக்கு ஆபத்து. இளைஞர் சிட்டையைச் சந்தோசமாகவே வாங்கினார். ‘வழியில பொலிஸ் மறிச்சாக் காட்டலாம் அண்ணே’ என்றார். களவுச் சாமானோ என்ற பயம் வாங்குபவருக்கும் உண்டு என்பதை விற்பவர்கள் மறந்துவிடுகிறோம்.

கசெட் டெக் தம்பலகாமத்து ஆசிரியர் ஒருவருக்குப் போனது. கணவர் இலங்கை வானொலியிலிருந்து பதிந்து வைத்திருந்த கசெட்டுகளையும் அவர் கேட்டார். ரீச்சர் அவற்றைக் கொடுக்கவில்லை.

விற்ற பிறகு வந்த முறைப்பாடு

சுழலியை வாங்கியவர் மட்டக்களப்பிலிருந்து வந்தவர். நிதானமான மனிதர். சில நாளில் அழைத்தார். சுழலி ஓடவில்லை, கருகின மணம் வந்தது என்றார். குரலில் கோபம் இல்லை, கவலைதான் இருந்தது. சுழலியைக் கொண்டுவரச் சொன்னோம். முதலில் பார்த்தது அடித்தட்டுத் திருகாணிகளை. கியூட்டெக்ஸ் துளிகள் வைத்தபடியே வெடிக்காமல் இருந்தன, யாரும் திறக்கவில்லை. அதிலேயே அவர் சொல்வது உண்மை என்று தெரிந்துவிட்டது. திறந்து பார்த்தேன். உள்ளே ட்ரான்ஸ்ஃபோமரும் மின்சாரத்தைச் சீராக்கும் பகுதியும் போயிருந்தன. வீட்டில் தம்பி ஒருவர், ஸ்டெப்-டவுனைக் காணாமல், மஞ்சள் அட்டையை அவிழ்த்துவிட்டு நேரே சுவர்ச் செருகியில் போட்டிருக்கிறார்.

சிட்டையில் ‘100 வோல்ட், ஸ்டெப்-டவுன் இல்லாமல் பாவிக்கக்கூடாது, விளங்கப்படுத்தப்பட்டது’ என்று எழுதி அவரே ஒப்பமிட்டிருந்ததால் யார் பிழை என்ற கேள்வியே எழவில்லை. காசைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. 230 வோல்ட்டுக்குப் பொருத்தமான ட்ரான்ஸ்ஃபோமர் ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுப்பித்துப் போட்டேன். பாகத்தின் விலையை மட்டும் வாங்கினேன். இனி அந்தச் சுழலிக்கு ஸ்டெப்-டவுனே தேவையில்லை.

மாற்றிச் செய்யவேண்டியவை

இன்னொரு தடவை இதே விற்பனை வந்தால், முதல் நாளிலிருந்தே புது இலக்கம்தான். வீட்டு இலக்கத்தை விளம்பரத்தில் போட முன் அதைத் தேடுபொறியில் போட்டுப் பார்த்தால் எங்கெங்கே கிடக்கிறது என்று தெரியும். இரண்டு நிமிட வேலை. 100 வோல்ட் சாமானை அட்டை கட்டி விற்பதைவிட, 230 வோல்ட்டுக்கு மாற்றிவிட்டே விற்கவேண்டும். அட்டையை யாரும் அவிழ்க்கலாம்.

காசு முறையை நேரில் வந்த பிறகு சொல்வதையும் விட்டுவிட்டோம். வான் வந்த நாளுக்குப் பிறகு, பார்க்க வருகிறேன் என்பவர்களுக்கெல்லாம் ஒரே செய்தியை அனுப்பினோம். அதை விரும்பியவர்கள் எடுத்துப் பாவிக்கலாம்: ‘கிழமை நாளில் காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை கடையில் கேட்டுப் பார்க்கலாம். பிடித்திருந்தால் காசை வங்கிக் கவுண்டரில் கட்டவேண்டும், அல்லது எங்கள் கணக்கில் விழுந்ததை நாங்கள் பார்க்கவேண்டும். அதற்குப் பிறகு சாமானை ஏற்றலாம். அடையாள அட்டையைக் கொண்டுவாருங்கள், சிட்டை தருவோம்.’ இது போன பிறகு சிலர் பதில் எழுதவில்லை. வந்தவர்கள் எல்லோரும் வாங்க வந்தவர்களாக இருந்தார்கள். நேரம் தவறினால் அன்றைக்குக் காட்டுவதில்லை என்பதையும் இப்போது தளர்த்துவதில்லை, எவ்வளவு தூரத்திலிருந்து வந்தாலும். காலையில் வரச்சொன்னதே வங்கி திறந்திருக்கும் என்பதற்காகத்தான்.

விற்றவுடன் விளம்பரத்தை அழிக்கவும் வேண்டும். சன்சுயி போன பிறகும் விளம்பரம் சில நாள் கிடந்ததால், வீட்டில் இன்னும் சாமான் இருக்கிறது என்று நினைத்துப் பலர் அழைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்பீக்கர் சோடி ரீச்சர் விமானம் ஏறும்வரை விற்கவில்லை. ஓரப் பஞ்சை மாற்றி என் மேசையில் வைத்திருக்கிறேன். மற்றவர்கள் கொண்டுவரும் சாமானைக் கேட்டுப் பார்க்க இப்போது அவைதான் உதவுகின்றன. கீபோட் வாசிக்கிற பையனின் குழு பழைய எகோ மெசின் ஒன்றை விற்க வந்தபோது, கிழமை நாள் காலையில் இந்த மேசையில் வைத்துத்தான் காட்டினார்கள். காசு வங்கியில் கட்டி, சிட்டையோடு அந்தப் பையனே திரும்பி வந்த பிறகுதான் சாமான் வெளியே போனது.